ருசி பார்க்கும் கமிட்டி

எங்கள் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி நான்தான், கனகலட்சுமி. கேட்டால் ஏதோ பெரிய பதவி போல இருக்கும். பள்ளியில் எனக்கென்று ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. தொழில் தையல். பிள்ளைகளின் சீருடையை அளவு பிடித்துக் கொடுப்பதும் நான்தான்.

ஐந்தாம் வகுப்பு வரை அரசாங்கம் காலைச் சாப்பாடு போடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடும் என்று எந்த மேதை கண்டுபிடித்தானோ தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் வராந்தாவில் பொங்கல் தின்னும்போது பெரிய பிள்ளைகள் புத்தகத்தை முறைத்துக்கொண்டு இருக்கும். எட்டாம் வகுப்பு முத்துமாரியின் சுடிதார் பேண்ட் இடுப்பை ஜூனில் ஒரு முறை பிடித்துக் கொடுத்தேன். ஆகஸ்டில் மறுபடியும் பிடித்தேன். செப்டம்பரில் பிரேயர் நடக்கும்போது மயங்கி விழுந்தாள். கேட்டதற்கு வெயில் என்றாள். காலை ஒன்பதே கால் மணிக்கு என்ன வெயில்?

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே பூ மார்க்கெட்டுக்குப் போய், கமிஷன் கடை சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியைப் பிடித்தேன். நல்ல மனுஷன். ஆனால் எதையும் எழுத்தில் கேட்கும் வியாதி உண்டு.

"பெரிய பிள்ளைகளுக்கு நான் ரவை, அரிசி, பருப்பு எல்லாம் தாரேன் தங்கச்சி. ஆனா பசியோட வாற பிள்ளைக யாரு யாருன்னு லிஸ்ட் வேணும். தின்னுட்டு வந்தவனுக்கே திரும்பப் போட நான் என்ன கல்யாண வீடா நடத்துதேன்?"

தலைமையாசிரியர் ஜஸ்டஸ் சாருக்குப் படிவம் என்றாலே கொண்டாட்டம். அன்றைக்கே அச்சடித்துவிட்டார். 'காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறீர்களா? ஆம் / இல்லை.' ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு பேரும் 'ஆம்'. சிலர் கீழே 'தோசை' என்று வேறு எழுதியிருந்தார்கள். முத்துமாரி 'பூரி கிழங்கு' என்று எழுதியிருந்தாள்.

படிவக் கட்டை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தட்டிக் காட்டினார். "பூரிங்கா! எங்க வீட்டுலயே ஞாயித்துக்கிழமைதான் பூரி. பேசாம பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு ஆர்ச் கட்டித் தாரேன். என் பேரப் போட்டு."

"அண்ணாச்சி, நம்ம ஊருல சாப்டாச்சான்னு கேட்டா, இல்லன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியளா?" என்றேன். "போன மாசம் காய்ச்சல்ல ரெண்டு நாளா பச்சத் தண்ணி இறங்காமக் கிடந்திய. நான் கேட்டதுக்கு என்ன சொன்னிய? ஆச்சு தங்கச்சின்னிய!"

அவர் மீசையைத் தடவினார். இந்த ஊரில் அது கேள்வியே இல்லை, வணக்கம். 'ஆச்சு' என்பது பதில் வணக்கம். அதைப் போய்ப் படிவமாக அச்சடித்திருக்கிறோம், அறிவுகெட்ட கூட்டம். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுத?"

"லிஸ்ட் கேக்காம ஒரு வாரத்துக்குச் சாமான் குடுங்க. மிச்சத்த நான் பாக்கேன்."

ஆர்ச் ஆசையை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

சமைத்ததை யாராவது ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும் என்பது பள்ளியில் வழக்கம். ஜஸ்டஸ் சார் தினமும் ஒரு வாய் தின்று கையெழுத்துப் போடுவார். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பிரேயரில் மைக்கை வாங்கினேன்.

"ஆறு, ஏழு, எட்டு! நீங்க எல்லாரும் இனிமே ருசி பாக்கிற கமிட்டி. தம்பி தங்கச்சிக தின்னுத சாப்பாட்டுக்கு நீங்கதான் பொறுப்பு. திங்கக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துரணும். வராதவன் பேர போர்டுல எழுதிருவேன்."

திங்கட்கிழமை நாற்பத்திரண்டும் ஆஜர். தட்டோடு நின்ற தோரணையைப் பார்க்கவேண்டுமே! கலெக்டர் ஆபீசிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் தோற்றுப்போவார்கள்.

சமைப்பவள் மாரித்தாய். அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. முத்துமாரி ஒரு கரண்டி உப்புமாவைத் தின்றுவிட்டு யோசித்தாள்.

"உப்பு தெரியல யக்கா."

மாரித்தாய் சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை தட்டை வழித்த விதத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள்.

"இப்பவும் சரியாத் தெரியல."

மூன்றாவது கரண்டி.

"இப்ப லேசாத் தெரியுது" என்றாள் முத்துமாரி. கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "யத்தை, நாளைக்கும் ருசி பாக்கணுமா?"

"தினமும் பாக்கணும்ட்டி. கமிட்டின்னா சும்மாவா?"

"அப்ப சரி. எங்கம்மா எனக்குன்னு சோத்த மூடி வச்சிட்டு வெறும் வயித்தோட பூவெடுக்கப் போயிருவா. நான் தொடாம அவளுக்கு வச்சிட்டு வந்துருவேன், கேட்டா தின்னது போக மிச்சம்னு சொல்லிருவேன். நாளையிலருந்து அவளையே தின்னுட்டுப் போகச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். மாரித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் புகை பட்டுவிட்டது என்றாள். எரிவது கேஸ் அடுப்பு. நான் அந்தப் பொய்யெல்லாம் சொல்லவில்லை. வராந்தாப் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ருசி பார்த்து முடிக்க ஒரு வாரம் பத்தாது, வருஷம் பூராவும் ஆகும் என்று சொன்னேன்.