இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாதே என்று மட்டும் ஒருவர் சொன்னார், என் அக்கா. "உலகத்துல வேற கதையே கிடைக்கலையாடா உனக்கு? அவளை விட்டுடு" என்றாள். அக்கா சொன்னால் பொதுவாகக் கேட்டுக்கொள்வேன். இந்த முறை கேட்கவில்லை. ஏனென்றால் இன்று ஞாயிறு, மூன்று மணிக்கு அவள் வருகிறாள், இப்போது பதினொன்றரை.

அவள் வருவது ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போக. கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கொடுக்காவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். அதனால் எல்லாவற்றையும் எழுதி, புத்தகத்தோடு சேர்த்து இந்தத் தாள்களையும் அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (இது இப்போதைய எண்ணம். ஐந்தாம் பகுதி வருவதற்குள் மாறலாம்.)

2

மூன்று ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பழைய காதல் நாவல்களைப் படமாகப் பார்ப்பதற்கென்றே நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும்—" அடித்துவிட்டேன். ஆள் சேர்க்கும் விளம்பரம் மாதிரி இருந்தது.

"அவள் பொய்ப்பல் செய்கிறவள், நான் பொய்—" இதை எழுதியதும் என்னை நானே ஓங்கி ஒன்று விட வேண்டும்போல இருந்தது. இத்தனை நடந்த பிறகும் எனக்கு அடுக்குமொழி கேட்கிறது.

"நான் அந்த நாவலை முழுசாகப் படிக்கவில்லை." இது மூன்றாவது. இதுதான் உண்மை. முதல் வரியாக வைக்கக் கை வரவில்லை, அதனால் இங்கே நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

3

எங்கள் சங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் அக்கா வீட்டுக் கூடம். மேற்கு ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு மத்தியானத்தை இருட்டாக்குவோம். சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன் நடுவில் துவைத்தும் போகாத தேநீர்க் கறை ஒன்று உண்டு. எந்தக் கதாநாயகி வந்தாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்தக் கறை அவள் தாடையில் வந்து உட்காரும். அக்காவுக்குத்தான் நிறுத்தும் அதிகாரம். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், படம் தொடங்கிய ஏழாம் நிமிடத்தில் தூங்கிவிடுவார். பல்செட்டும் (இன்று மூன்று மணிக்கு வரப்போகிறவள், சங்கத்தில் அவளுக்கு அதுதான் பெயர்) நானும் தரையில்.

பார்ப்பது பழைய காதல் நாவல்களிலிருந்து எடுத்த படங்களை மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் முன்கூட்டியே நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும். அவருக்குப் பெயர் சாட்சி. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா நிறுத்துவாள். சாட்சி எழுந்து, கையில் புத்தகத்தோடு, நாவல் எப்படி முடிகிறது என்று சொல்வார். படத்தில் முடிவை மாற்றியிருப்பார்களா இல்லையா என்று மற்றவர்கள் கை தூக்க வேண்டும். அப்புறம்தான் மீதிப் படம்.

பத்து வருஷமாக இதுதான் வழக்கம். இதில் எங்களுக்கே தெரியாமல் ஒரு பழக்கம் ஊறிப்போனது. படம் ஆளைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லும், புத்தகம் உண்மை சொல்லும் என்று நால்வரும் நம்பத் தொடங்கிவிட்டோம். சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்ததே இல்லை.*

* என் பிழைப்பு வீட்டு இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது. "முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அது நானாக இருக்கலாம். கையேட்டில் தெரியாததை எழுதினால் யாருக்காவது ஷாக் அடிக்கும், எனக்கு வேலை போகும். அங்கே நான் ஒழுங்கு.

4

பல்செட்டு. இந்தப் பாத்திரத்தை எழுதத்தான் பயமாக இருக்கிறது. கூடப் படித்தவள். பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறையில் பொய்ப்பல் கட்டுகிறாள். நோயாளிகளை அவள் பார்த்ததே இல்லை, அவர்கள் வாயின் மாவு அச்சுகளை மட்டும் பார்ப்பாள். "இந்தாளு கோவக்காரன், பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேச்சிருக்கான்" என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நகக்கண்ணில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு.

முன்பு சங்கத்தில் ஐந்தாவதாக ஒருவன் இருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், அதனால் லிஃப்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழு மணி நேர ரயில் தூரத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் அக்காவின் சமையலறையில் நின்று பல்செட்டிடம் கேட்டான். அவள் அம்மா அப்போது படுத்த படுக்கை.

"அம்மாவை வச்சுக்கிட்டு நான் எப்படி வர?"

"இப்ப வேணாம். வர முடியும்போது வா. நான் இருப்பேன்."

தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அக்கா இதைக் கேட்டுவிட்டு, தம்ளரில் பாதியும் மேடையில் பாதியுமாக ஊற்றினாளாம். போன வருஷக் கடைசியில் பல்செட்டின் அம்மா போய்ச் சேர்ந்தார்.

(கதை சொல்கிறவனும் அவளை விரும்பினான், பொறாமையில் அப்படிச் செய்துவிட்டான் என்று நீங்கள் யூகிக்கலாம். ஒரு வரைவில் அப்படியே எழுதினேன். எனக்கு நன்றாகப் பொருந்தியது. காதலுக்காகச் செய்த துரோகம் என்றால் வாசகர்கள் பாதி மன்னித்துவிடுவீர்கள். ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.)

5

அம்மா போய் இரண்டு மாதம் கழித்து, அடுத்த படத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். சாட்சி முறையும் அவளுடையதுதான். ஆனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவலை என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"நீ படி."

"உன் முறைதானே?"

"நான் படிச்சா எனக்கு வேணுங்கறதைத்தான் படிப்பேன். நீ படிச்சு உள்ளதைச் சொல்லு."

இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகாவது ஒரு மனிதனுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. வாஷிங் மெஷின் கையேடு ஒன்று தலைக்கு மேல் கிடந்தது. நாவலில் ஒரு தீவுப் பள்ளிக்கூட ஆசிரியை, அங்கே நிலம் அளக்க வந்த ஒருவன். அவன் கூப்பிடுகிறான். அப்பா படுக்கையில் என்று அவள் மறுக்கிறாள். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். ஏழு வருஷம் கழித்து அப்பா இறந்துபோக, அவள் பெட்டியைக் கட்டுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மொத்தம் இருநூற்று எழுபது. கையேட்டு வரைவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அடையாளம் வைத்து மூடினேன். நாளைக்கு என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்துவிட்டது. அக்கா நிறுத்தினாள். சுவரில் ஒரு பெண் படகுத்துறையில் பெட்டியோடு நின்றாள், தாடையில் தேநீர்க் கறை. நான் எழுந்தேன்.

படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அக்கா நாலு வார்த்தை திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும். ஆனால் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் வாய் தானாக ஓடியது. ஏன் சோகமாகச் சொன்னேன் தெரியுமா? சந்தோஷமாக முடிகிறது என்றால் "எப்படி?" என்று கேட்பார்கள், விவரம் சொல்ல வேண்டும். சோகம் என்றால் "அச்சச்சோ" என்பார்கள், மேலே கேட்க மாட்டார்கள்.

"அவ கரை இறங்கி வீட்டைத் தேடிப் போறா. அவனே கதவைத் திறக்கறான். இடுப்புல ஒரு குழந்தை. அவளை அடையாளமே தெரியல. 'யார் வேணும்?'னு கேக்கறான். 'வீடு மாறி வந்துட்டேன்'னு சொல்லிட்டு அதே படகுல திரும்பிடறா."

"அடப்பாவி" என்றாள் அக்கா. மாமா விழித்துக்கொண்டு, "சேர்ந்துட்டாங்களா?" என்றார்.

பல்செட்டு மட்டும் கேட்டாள். "யார் வேணும்னா கேட்டான்? அப்படியேவா இருக்கு?"

"அப்படியே இருக்கு" என்றேன். கை புத்தகத்தின் மேல் இருந்தது.

மீதிப் படம் ஓடியது. அவன் துறையிலேயே நின்றிருந்தான். அவள் இறங்குவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டான். மாமா கை தட்டினார். பல்செட்டு சிரித்தாள். "படத்துக்காக மாத்திட்டாங்க" என்றாள்.

அவள் பையில் புதன்கிழமைக்கான ரயில் டிக்கெட் இருந்தது. எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். திங்கட்கிழமை பல்செட்டு அதை ரத்து செய்தாள்.

6

அவள் லிஃப்டுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், கதாசிரியன் என்ற முறையில். என்னவென்று கேட்பாள்? "இன்னும் இருக்கியா?" என்றா? மறுமுனையில் ஒரு நொடி தயங்கினால்கூட அவள் செத்துவிடுவாள். நேரில் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்துவிடுவது என்று துணிந்திருந்தாள். அந்தத் துணிச்சல் ஒரே ஒரு ஞாயிறு வரைக்கும்தான் தாங்கியது.

ஐந்து மாதம் கழித்து லிஃப்ட் அக்காவுக்குப் போன் செய்தான். "கல்யாணம்க்கா. அவங்கம்மா போனது தெரிஞ்சதுலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். நானா கூப்பிட்டா கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு இருந்தேன். வரல. சரி, அவளுக்கு மனசில்லைன்னு விட்டுட்டேன்."

அக்கா இதைச் சொன்ன மத்தியானம், அந்த ஐம்பத்தெட்டுப் பக்கங்களைப் படித்தேன். அவன் துறையில் நிற்கிறான். அவள் இறங்குவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுகிறான். படத்தில் எதையும் மாற்றவில்லை. எங்கள் பத்து வருஷத்தில் நாவலை அப்படியே எடுத்த படம் அது ஒன்றுதான்.

7

மணி இரண்டு. மாற்று முடிவுகள் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

(அ) அவள் வருகிறாள். நான் ஒப்புக்கொள்கிறேன். அவள் அமைதியாக, "எனக்குத் தெரியும். உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டேன். போகாம இருக்க எனக்கு ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு, நீ குடுத்த" என்கிறாள். இதை ஒரு பக்கம் எழுதினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு திரும்பப் படித்தேன். எனக்கான மன்னிப்பை நானே எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். கிழித்துவிட்டேன்.

(ஆ) புத்தகம் தொலைந்துபோகிறது. அவள் வேறு கடையில்— வேண்டாம்.

(இ) லிஃப்ட் கல்யாணத்துக்கு முந்தின நாள்— இல்லை. கல்யாணம் போன மாதமே முடிந்துவிட்டது.

8

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள்.

"அந்தப் புத்தகம் உன்கிட்டதானே இருக்கு?"

"எதுக்கு?"

"படிக்கணும். முழுசா இல்ல. அந்த 'யார் வேணும்?' இடம், அப்புறம் அவ படகுல திரும்பி வர்ற இடம். அவ எப்படித் தாங்கிக்கிட்டான்னு எழுதியிருப்பாங்கல்ல? அது மட்டும் போதும்."

நான் "ம்" என்றேன். அவள் தேடுகிற பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை. எந்தப் பதிப்பிலும் இல்லை. என்னால் அதை எழுதித் தர முடியும், நன்றாகவே வரும் என்ற நினைப்பு அந்த நிமிடத்திலேயே எனக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணி இரண்டு ஐம்பது. புத்தகம் என் முன்னால் இருக்கிறது. கடைசிவரை படித்தபோதுகூட அந்தத் துண்டை எடுக்காமல் விட்டிருக்கிறேன். இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் என் கையெழுத்தில், "இயந்திரம் ஓடும்போது கதவைத் திறக்க முயலாதீர்கள்." அப்படியே கொடுத்தால் நான் எங்கே நிறுத்தினேன் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும், அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள். துண்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தில் செருகினால், படித்துவிட்டே பொய் சொன்னேன் என்று ஆகும். எது குறைந்த கேவலம் என்று பத்து நிமிடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசல் மணி அடிக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பழக்கத்தில், "யாரு?" என்று கேட்டுவிட்டேன். மணி இன்னொரு முறை அடிக்கிறது.

எழுந்து போக வேண்டும். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று, அவள் முதலில் படித்துவிட்டு வெளியிடு என்று சொல்லியிருக்கிறாள். அல்லது நான் இந்தத் தாள்களை அவளுக்குக் கொடுக்கவே இல்லை. எது என்று நான் சொல்லப்போவதில்லை. எட்டுப் பகுதி என்னோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கே தெரியும்.