முகம் மட்டும் மங்கவில்லை

“நீ ரோட்டோரமா நிக்கறதைப் பார்த்ததும் என் கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. நான் என்னடி பண்றது?”

“நான்னு நினைக்காதக்கா. ஏதோ கம்பம்னு நினைச்சுக்கோ.”

“எந்தக் கம்பம் கையை ஆட்டி ‘வா வா’ன்னு கூப்பிடுது?”

தங்கை கேமராவைத் திருப்பி அதன் திரையைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினாள். மாலை வெயிலில் மஞ்சள் கார் பளிச்சென்று இருந்தது. அதுவரை சரி. பின்னாலிருந்த கிடங்குச் சுவரும், சுவரின் வெடிப்பும், வெடிப்பில் முளைத்திருந்த செடியும்கூடப் பளிச்சென்றுதான் இருந்தன. ஓடும்போது எடுத்த படம் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

“விக்கறதுக்கு நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

“நல்ல வண்டிதான். யாராவது கேட்டா சொல்லு.”

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். ஓரத்தில் ஆள் தெரிந்தால் வேகத்தைக் குறை என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அந்தப் பாடம் வாயிலிருந்து இறங்கி அவள் காலுக்கே வந்து சேர்ந்திருந்தது. கற்க வருகிறவர்கள் தங்களுக்குள் அவளைச் ‘சிடுமூஞ்சி மேடம்’ என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு. சிரித்துவிட்டால் பயம் விட்டுப்போகும், பயம் விட்டுப்போனால் நேரே போய்ச் சுவரில் முட்டுவார்கள் என்பது அவள் கட்சி. அவள் காரில் பாட்டு கிடையாது, அரட்டை கிடையாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நகரக்கூடாது.

தங்கைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் வேலை. அசையாதீங்க, சிரிக்காதீங்க, காது தெரியட்டும். வெள்ளைத் திரைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் அவளுக்காகக் கொஞ்ச நேரம் உயிரோடிருப்பதையே நிறுத்திவைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கார்கள் போய்க்கொண்டே இருக்கும். அவை எங்கே போகின்றன என்று நினைத்தபடியே அவள் எத்தனையோ பேரின் தலையைக் கோணலாக எடுத்திருக்கிறாள்.

கார்களைப் பற்றிய பத்திரிகை ஒன்று படமெடுக்க ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் தான் எடுத்த கார்ப் படங்களை அனுப்பிவைத்தாள். இன்று காலை ஆசிரியரே போனில் கூப்பிட்டுவிட்டார்.

“எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உன் காரெல்லாம் தூங்குது. ஓடற காரை, ஓடற மாதிரி ஒண்ணு எடுத்து இருட்டறதுக்குள்ள அனுப்பு. வேலை உனக்குத்தான். இல்லேன்னா வேற ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு.”

விஷயம் கேட்பதற்குச் சுலபம்தான். கேமராவின் ஷட்டரைச் சற்று நிதானமாக மூடவிட வேண்டும். அது திறந்திருக்கும்போது, போகிற காரோடு கேமராவும் கூடவே திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் கார் அப்படியே தெளிவாக நிற்கும், பின்னாலிருக்கும் உலகம் கோடு கோடாக ஓடும். விடுமுறை நாளில் ஆளரவமில்லாத இந்தக் கிடங்குச் சாலையை அதற்காகத்தான் பிடித்தார்கள்.

அடுத்த முறை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கைத் தொடாமல் போனாள். திரும்பி வந்து ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

“இதுல நான் எங்கடி?”

“இதோ, இந்தக் கோடு இருக்கில்ல? இதுதான் நீ.”

“பெயின்ட் டப்பா கவுந்த மாதிரியில்ல இருக்கேன்!”

தப்பு யாருடையது என்று தங்கைக்குத் தெரியும். பொத்தானை அழுத்துகிற நேரத்தில் மூச்சு தானாக நின்றது, தோள் இறுகியது, கேமரா சிலையாகிவிட்டது. போதாக்குறைக்கு, “அசையாதீங்க” என்று அவள் வாய் வேறு முணுமுணுத்தது. யாரிடம்? பறந்து போகிற காரிடம்.

மேலும் சில தடவைகள். அக்காவின் கால் சொன்னபடி கேட்காதபோது இவள் தோள் கேட்டது. இவள் தோள் கேட்காதபோது அக்காவின் கால் கேட்டது. வெயில் கிடங்கின் கூரையைத் தொட்டுவிட்டது.

“கடைசியா ஒண்ணு. அதுக்கு மேல வெளிச்சம் கிடையாது” என்றாள் தங்கை. துடைத்த லென்ஸையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

அக்கா அதைக் கவனித்தாள். “சொல்லு, என்ன பண்ணணும்?”

“பாடு.”

“என்னது?”

“நான் இருக்கறதே உனக்கு மறக்கணும். காரைக் கழுவறப்போ தெருவுக்கே கேட்கற மாதிரி பாடுவியே, அது மாதிரி.”

“என் கார்லயா? மானம் போயிடும்.”

“யாரு இருக்கா இங்க? நானும் கம்பமும்தான்.”

அக்கா முறைத்தாள். காரைத் திருப்பிக்கொண்டு தெருமுனை வரை போனாள்.

தங்கை கால்களை அகட்டி நின்றாள். ஸ்டுடியோவில் ஒரே ஒரு வகை ஆட்களிடம் மட்டும் ‘அசையாதீங்க’ பலிக்காது. கைக்குழந்தைகள். அவர்கள் தலை போகிற பக்கமெல்லாம் இவளும் கேமராவோடு போவாள், மூச்சைப் பிடிக்கக்கூட நினைவிருக்காது. இதுவும் ஒரு குழந்தைதான், கொஞ்சம் பெரிய, மஞ்சளான குழந்தை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

காருக்கு முன்னால் பாட்டு வந்து சேர்ந்தது. சுருதி அதன் பாட்டுக்கு, தாளம் அதன் பாட்டுக்கு. பின்னாலேயே மஞ்சள் வந்தது. தங்கையின் இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது, விரல் எப்போது அழுத்தியது என்று விரலுக்கே தெரியவில்லை. கார் போன பிறகும் அவள் திரும்பிக்கொண்டே இருந்தாள்.

திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

சுவர் ஆறாக ஓடியது. வெடிப்பும் செடியும் அதில் கரைந்து போயிருந்தன. சக்கரங்கள் சுழன்றன. நடுவில் கார், துடைத்துவைத்ததைப் போல.

“கிடைச்சிடுச்சு!” என்று கத்தினாள். அக்கா காரை ஓரமாக நிறுத்தி, இன்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் இறங்கி ஓடிவந்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

ஜன்னலில் அக்கா இருந்தாள். வாய் கடைவாய்ப்பல் தெரியத் திறந்திருந்தது. கண் சொக்கியிருந்தது. முடி பறந்தது. ஒரு கை கதவுக்கு வெளியே தொங்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“கையைப் பாரு” என்றாள் அக்கா மெல்ல. “வெளிய கையை நீட்டினான்னு நேத்துதான் ஒருத்தனை அழ வெச்சேன்.”

“அக்கா…”

“அந்தப் பத்திரிகை எங்க ஸ்கூல்ல, காத்திருக்கற இடத்துல, மேஜை மேலயே கிடக்கும்டி. மாசாமாசம். அத்தனை பேரும் புரட்டுவானுங்க. இனிமே யாரு என்னைப் பார்த்துப் பயப்படுவா?” கொஞ்சம் யோசித்தாள். “என் மூஞ்சியை மட்டும் மங்கலாக்க முடியாதா?”

“காரை விட்டா, மொத்தப் படத்துலயும் மங்காம இருக்கறதே அது ஒண்ணுதான்க்கா.”

சூரியன் கிடங்குக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சாலையில் நிழல் விழுந்தது. தங்கையின் போன் அதிர்ந்தது: ஆசிரியர். அவள் எடுக்கவில்லை. அக்காவோ திரையில் இருந்த அந்தப் பெண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள், எங்கோ பார்த்த முகம்போல.

“நீ வேணாம்னு சொன்னா அழிச்சிடுறேன்” என்றாள் தங்கை. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. “ஆனா… இதை அனுப்பட்டுமாக்கா?”