அடுத்த சீசனில் பக்கத்து சீட்

திங்கட்கிழமை காலை அவள் பல் துலக்கி முடிப்பதற்குள் கைபேசியில் ஒன்பது அழைப்புகள் வந்து ஓய்ந்திருந்தன. சீசன் முடிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கடைசி கார் ராலியின் புழுதியோடு பை கட்டிலடியில் அப்படியே கிடந்தது. அதைப் பிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பு வரவில்லை. யாருக்கு இப்படித் தலை போகிற அவசரம் என்று சலித்துக்கொண்டே பத்தாவது அழைப்பை எடுத்தாள்.

அணியின் டயர் மெக்கானிக்தான்.

"அண்ணி, நிஜமாவா?"

"எது?"

"அடுத்த சீசனுக்கு நீங்க வரலையாமே. வானிலை எழுதியிருக்கார்."

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் உலகத்தில் ஒருவன்தான், அவள் கணவரின் தம்பி. ஆனால் அவன் ராலி கார் ஓட்டுகிறவன். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவள். பதினான்கு வருடமாக அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க அண்ணி" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, மெக்கானிக்குகள், நேரம் குறிப்பவர்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அதற்கு முன்பு அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஒருமுறை பந்தயத்துக்கு முதல் நாள் தம்பிக்கு வழி சொல்லும் கூட்டாளி காய்ச்சலில் படுத்துவிட, "வேகமாப் படிக்கத் தெரிஞ்ச ஆள் நம்ம வீட்டுலயே இருக்கே" என்று இவளை இழுத்துப் போட்டுக்கொண்டு போனான். வளைவு எவ்வளவு இறுக்கம், எந்த மேட்டில் கார் எகிறும், எகிறி விழுந்ததும் பாதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்து, ஓடும்போது ஒரு மூச்சு முன்னதாகப் படிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாதையில் அவன் அவள் குரலை நம்பித்தான் காரை விட்டான்.

வானிலை என்பது ஒரு நிருபரின் பட்டப்பெயர். சொந்தமாக ஒரு செய்தித்தளம் நடத்துகிறார். பந்தயமில்லாத மாதங்களில் எந்த ஓட்டுநர் எந்த அணிக்குப் போவார், யாருடைய சீட் காலியாகும், புது விதிப்படி யார் கார் தேறும் என்று கணித்து எழுதுவதில்தான் அவர் பிழைப்பு ஓடியது. பாதி பலிக்கும், பாதி பலிக்காது. எதற்கும் அவர் முகம் சுண்டியதில்லை. போன வருடம் இந்த அணியையே இழுத்து மூடப் போவதாக எழுதினார். மூன்று மெக்கானிக்குகள் பயந்து வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். அணி மூடவில்லை, அந்த மூவர் போனதுதான் மிச்சம்.

அவள் செய்தியைத் திறந்து பார்க்கவில்லை. படித்து வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா என்று தோன்றியது. போன மாதம் எதிரணியான நீல அணியிலிருந்து தம்பிக்கு அழைப்பு வந்தது அவளுக்குத் தெரியும். போகிறவன் போகட்டும், ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராமல் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறானே என்று பொருமினாள். முதுகுக்கு வெந்நீர்ப் பையை வைத்துக் கால்மணி நேரம் சாய்ந்திருந்துவிட்டு, கயிறு கட்டத் தேவையில்லாத செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, பணிமனைக்குக் கிளம்பினாள்.

அன்று புதுக் காருக்கு சீட் அளவு எடுக்கும் நாள். விதிகள் மாறியதால் அடுத்த வருடக் கார் அடிமுதல் நுனிவரை வேறு. சீட்டில் ஒரு பெரிய பையை விரித்து அதற்குள் நுரையை ஊற்றி, அதன்மேல் ஆளை உட்கார வைப்பார்கள். நுரை பொங்கி, உடம்பின் வடிவத்துக்கு இறுகும். அதுவரை மூச்சு விடலாம், அசையக் கூடாது.

அவள் போனபோது தம்பி நுரைக்குள் அமுங்கி, கைகளை ஸ்டீயரிங்கில் வைத்து, பொம்மை மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் முகத்தைப் பார்த்து சொல்லு தம்பி. நீதான் சொன்னியா?"

"திரும்ப முடியாது அண்ணி. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

"விளையாடாத."

"நான் எங்க விளையாடறேன்? சிமெண்ட்ல வெச்சுப் பூசின மாதிரி உக்காந்திருக்கேன்." என்றான் அவன். "நானா சொல்லுவேன்? நீல அணிக்காரங்ககிட்ட அன்னைக்கே முடியாதுன்னுட்டேன். நீங்க அதை முழுசாப் படிச்சீங்களா இல்லையா?"

"படிக்கல."

"கடைசிப் பத்தியைப் படிங்க."

சீட் அளவெடுப்பவர் தன் கைபேசியை நீட்டினார். பணிமனையில் அதைப் படிக்காத ஆள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'கடைசி ராலியின் இரண்டாம் நாள் காலையில், முதுகு வலியால் குனிய முடியாமல், காலுறை மாட்டிக்கொள்ளவே அவருக்கு இன்னொருவர் உதவி தேவைப்பட்டதாகத் தெரிகிறது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த விடுதி அறையில் அன்று காலை இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் தரையில் மண்டியிட்டு அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தார்.

"நிஜமா அண்ணி?" என்றான் தம்பி, கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி.

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாலத்துக்கு முன்னாடி அந்த வளைவு. அதுவும் வலியிலதானா?"

கடைசி ராலியின் இரண்டாம் நாள், ஒரு மேட்டிலிருந்து கார் எகிறி விழுந்த அதிர்ச்சியில் அவளுக்கு முதுகில் கத்தி சொருகியது போலாகி, ஒரு மூச்சு தாமதமாகத்தான் அடுத்த வளைவைப் படித்தாள். கார் கரையில் உரசிச் சக்கரம் பிய்ந்தது. இரண்டாம் இடம் கைநழுவியது. பிரேக்கைத் தாமதமாக மிதித்தது தான்தான் என்று தம்பி மேனேஜரிடம் பழியை ஏற்றுக்கொண்டான். அதைப்பற்றி இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வலியிலதான்," என்றாள்.

"நோட்டுல பக்கம் புரட்ட மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டேன்." பிறகு, "பயமா இருந்துச்சு அண்ணி," என்றான்.

அளவெடுப்பவர் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு தாளோடு வந்து சேர்ந்தார். மறுப்பு அறிக்கை. 'வெளியான செய்தியில் துளியும் உண்மையில்லை. அவர் முழு உடல்நலத்துடன் அடுத்த சீசனுக்குத் தயாராகி வருகிறார்.'

"ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணி. அந்த வானிலை வாயை அடைச்சிடலாம். வெள்ளிக்கிழமை நம்ம அணியை அறிவிக்கணும், அதுக்குள்ள இந்தத் தலைவலி வேற."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அச்சகத்து வழக்கம், கண் தானாகப் பிழையைத் தேடியது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார். என்னால முடியலேன்னா யாரு உக்காருவாங்க?"

"அந்த மலைப்பாதைக்காரர் இருக்காரே, மூணு சீசன் பனி ராலி பண்ணினவர்," என்றார் மேனேஜர், ஒரு நொடிகூட யோசிக்காமல். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, ஜூன் மாசத்துலேர்ந்து ஒரு பேச்சுக்கு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம். எல்லா அணியும் செய்யறதுதான் அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க."

ஜூன் மாதத்துக்குள் அவள் இரண்டிரண்டு வலி மாத்திரையாகப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக ஆறு ராலி படித்து முடித்திருந்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூடி மூடி வைத்ததை எல்லோரும் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அலுப்புதான்.

"சாயந்திரம் சொல்றேன் சார்."

தம்பியைக் கைகொடுத்து நுரையிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள். அளவெடுப்பவர் அடுத்த பையை உதறி விரித்து, "அடுத்து நீங்கதான் அண்ணி. உக்கார்றீங்களா?" என்றார்.

"இன்னைக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவள் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறவர். தம்பி இருநூறில் பறக்க, அண்ணன் நாளெல்லாம் இருபதில் ஊர்ந்துகொண்டிருப்பார் என்று குடும்பத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் பக்கத்து சீட்காரர்தான். ஆனால் கற்றுக்கொடுக்கும் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர், மனைவி கூடத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"வானிலையை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"அவர் பொண்ணு நம்மகிட்ட வண்டி கத்துக்குது. கொண்டுவந்து விட வருவார்."

"வாய் தவறிச் சொல்லிட்டீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்ல. வேணும்னுதான் சொன்னேன்."

"ஏங்க?"

"உன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. டாக்டர் சொன்னதையும் காதுல வாங்கல. தம்பிகிட்ட சொல்லக் கூடாதுன்ன. மேனேஜர்கிட்ட சொல்லக் கூடாதுன்ன. பத்திரிகைக்காரன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு பிடிக்கும் என்று அடக்கிக்கொண்டதில் கண்ணில் நீர் வந்தது. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானே சொல்லியிருப்பேன்," என்றாள்.

"எப்போ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செஞ்சது தப்புதான்," என்றார் அவர். "உனக்குப் பக்கத்துல உக்காந்து மிதிக்க எனக்கு வேற பிரேக் கிடைக்கல."

"உங்களை நான் இப்போ மன்னிக்க மாட்டேன். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும். சாதம் எடுத்து வைக்கட்டுமா?"

அவள் தலையாட்டினாள். எரிச்சல் இருக்கத்தான் செய்தது, பசியும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மேனேஜரை அழைத்து, மறுப்பு வேண்டாம், மலைப்பாதைக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மறுமுனையில் மேனேஜர் இரண்டு மூன்று தடவை வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்தில் நிம்மதியும் கலந்திருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. தம்பிக்கும் அவளே சொன்னாள். அவன் "சரிங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. புதுக் காருக்கு எட்டுப் பத்தி, அவளுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி. வானிலை 'முன்பே சொன்னோம்' என்று பெருமையடித்துக்கொண்டார். சனிக்கிழமைக்குள் அவர் வேறு செய்திக்குப் போய்விட்டார்: நீல அணியின் தலைமைப் பொறியாளர் விலகுகிறாராம். பத்தாவது அழைப்பு, இருபதாவது அழைப்பு எல்லாம் யார் யாருக்கோ போயிருக்கும். அவளுடைய கைபேசி மேசையில் சும்மா கிடந்தது. அவள் பகலில் தூங்கி எழுந்து, மறுபடியும் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். வழக்கமாக வந்ததும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வளைவு, மேடு, சரளை என்று இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணன் ஒரு ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விடுவார். அன்று நோட்டு இல்லை. மூன்று பேரும் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மின்விசிறியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். பாதையை விட்டால் தங்களுக்குள் பேச எதுவுமே சேர்த்து வைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"புது ஆள் எப்படி?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லாத்தான் படிக்கறார். ஆனா எல்லாத்தையும் செய்தி வாசிக்கிற மாதிரி படிக்கறார்," என்றான் தம்பி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். நுரையும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் அவன் அவளை நேராகப் பார்ப்பதே அபூர்வம்.

"வலி எப்படி இருக்கு அண்ணி?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கு தம்பி," என்றாள். "காலையில எழுந்திருக்கறப்போதான் ரொம்ப. இடது பக்கம் இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் இழுக்குது."

அவன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்போலேர்ந்து?" என்று கேட்டான். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.