வருத்தம் பார்க்கப் போனவர்

டென்மார்க்கில் அந்த நாட்களில் இலங்கையின் வில்பத்து மாதிரி ஒரு தேசியப் பூங்கா இருக்கவில்லை. சிறுத்தை இல்லாத, கரடி இல்லாத, யானையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்க்கிற நாட்டில் பூங்கா வைத்து எதைக் காப்பது? ஆனாலும் எஸ்பியர்க்குக்கு வடக்கே, கடற்கரை ஓரமாக, மணல் மேடும் பற்றைக்காடுமாகக் கிடந்த ஒரு பெரிய நிலத்தை வளைத்து, பூப் பிடுங்காதே, நெருப்பு மூட்டாதே என்று பலகை நட்டு வைத்திருந்தார்கள். கோடையில் ஜெர்மன்காரர் கூடாரத்தோடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் காயம் கீயம் பட்டால் மருந்து கட்ட ஓர் ஆள் தேவை, கோடைக்கு மட்டும், என்று 1986 மே மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் குருசுமுத்து அண்ணைக்குச் சொன்னேன்.

குருசுமுத்து அண்ணை மன்னார் ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸோடு போகிற அற்றென்டனாக இருந்தவர். எஸ்பியர்க்கில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே மீன் பக்டரியில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினோம். அந்த வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது.

"தம்பி நித்தி, இஞ்சை எல்லாம் செத்தாப் பிறகுதான் என்னட்டை வருது," என்பார். "சாக முதல் ஆராவது வரவேணும். இல்லாட்டி என்ரை கை வேலையை மறந்துபோகும்."

மீன் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு மனிதன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரவேண்டும். அவர் கோப்பி குடிக்கிற நேரத்தில் மூலையில் இருந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பதைக் கண்டவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டேனிஷ் முதலுதவிப் பரீட்சையை அவர் ஏற்கெனவே பாஸ் பண்ணியிருந்தார். ரப்பர் பொம்மைக்கு மூச்சுக் கொடுக்கிற பரீட்சை. "பொம்மைக்குப் பக்கத்திலை நிண்டு அழச் சொந்தக்காரர் இல்லை, அதாலை சுகம்," என்றார். விளம்பரத்தில் இருந்த வேலைக்கு டேனிஷில் சமரிட் என்று பெயர். பைபிளில் வருகிற நல்ல சமாரியனிடமிருந்து எடுத்த சொல். அதைக் கேட்டதும், கடவுளே நேரில் ஆள் எடுக்க வந்துவிட்டதுபோல அண்ணை வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணத் தொடங்கினார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

பொறுப்பாளர் பெயர் பிறேபன். நெடுத்த மனிதர். ஒரு சொல்லைச் சொல்ல முன்னம் அது தேவைதானா என்று யோசிக்கிற ரகம்.

"இயற்கைப் பகுதிகளில் வேலை செய்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"சொல்லு தம்பி," என்றார் அண்ணை. "வில்பத்துப் பக்கம் கரடி முகத்தைப் பிய்ச்ச ஆளை, தாடையைக் கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு மன்னாருக்குக் கொண்டுவந்தனான். ஆள் பிறகு கலியாணமும் கட்டினவன்."

சொன்னேன். பிறேபன் எழுதிக்கொண்டார். "இங்கே உண்ணி இருக்கிறது," என்றார்.

இரண்டு கிழமை, பதினாலு நாள், வைத்துப் பார்ப்பதாகவும், சரிவந்தால் ஓகஸ்ட் முடியும்வரை வேலை தருவதாகவும் சொன்னார். அண்ணை பக்டரியில் லீவு போட்டுவிட்டு, கடற்கரையில் இருந்த மருந்துக் குடிலுக்குப் போனார். சரிவராவிட்டால் திரும்பவும் செத்த மீன்தான்.

முதல் நாட்களில் வந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சப்பாத்துக் கடித்த குதிகால். கையில் ஏறிய மரச் சிராய். கடலில் சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் பட்டுச் சிவந்த தொடை. அண்ணை ஒவ்வொருவருக்கும் கரடியிடம் தப்பி வந்தவனுக்குரிய மரியாதையோடு மருந்து கட்டினார். அதில் ஒருவருக்கும் குறை இல்லை. வில்லங்கம் மருந்து கட்டிய அடுத்த நாள்தான் தொடங்கியது.

எங்களில் ஒருவர் நோயில் விழுந்தால் போய்ப் பார்க்கவேண்டும். வருத்தம் பார்க்கப் போவது என்று அதற்குப் பெயர். போகாவிட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடும் போக முடியாது. மன்னாரில் அண்ணை தான் ஏற்றி வந்த ஆட்களை ஆஸ்பத்திரி வாட்டில் எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதே இல்லையாம். ஆகவே இங்கும் வேலை முடிந்ததும் ஒரு குலை பச்சை முந்திரிகைப்பழம், அதுதான் திராட்சை, வாங்கிக்கொண்டு, முந்தின நாள் மருந்து கட்டியவரின் கூடாரத்தைத் தேடிப் போனார்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன், ஆகையால் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். ஹம்பேர்க்கில் இருந்து வந்த ஒரு வங்கிக்காரர். குதிகாலில் கொப்புளம். மனைவியோடு கூடார வாசலில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணை பழத்தை வைத்தார். அவர்கள் சொல்லாமலே மடக்குக் கதிரையில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அந்தக் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நித்திரை வந்ததா, சாப்பாடு இறங்குகிறதா என்று ஆஸ்பத்திரி இங்கிலீஷில் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. வருத்தம் பார்க்கப் போன இடத்தில் சும்மா கூட இருப்பதுதான் முறை. வங்கிக்காரரின் மனைவி பழத்தையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தாள். எழும்பும்போது அண்ணை அவர் தோளைத் தொட்டு, "கடவுள் இருக்கிறார்," என்றார்.

அன்று பின்னேரமே அவர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில்க்போர்க்கில் இருந்து வந்த ஓர் ஆசிரியை, உண்ணி கடித்தவள், அண்ணை வந்து போனதும் தங்கைக்கு ரெலிபோன் எடுத்து உயில் எழுதுவது பற்றிக் கதைத்தாளாம். மரச் சிராய்க்காரன் எக்ஸ்றே எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றானாம்.

இரண்டாம் கிழமை தொடங்கியதும் பிறேபன் பக்டரிக்கு ரெலிபோன் எடுத்து என்னை வரச் சொன்னார். போனேன். அண்ணை வெள்ளைச் சேர்ட்டோடு குடிலில் நின்றார். பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்கிறார்கள், அந்தக் கடற்கரையில் என்ன நோய் பரவுகிறது என்று," என்றார் பிறேபன். "இந்த நாட்டில் மருந்து கட்டுகிறவர் பழத்தோடு வந்து பக்கத்தில் இருந்து பெருமூச்சு விட்டால், கதை முடிந்தது என்று அர்த்தம். கடவுளையும் சொன்னால் சந்தேகமே வேண்டாம்."

"அப்ப வருத்தக்காரர் தனியவோ கிடக்கிறது?" என்று அண்ணை கேட்டார்.

"ஆம். அதைத்தான் விரும்புகிறார்கள்." பிறேபன் யன்னலைப் பார்த்தபடி சொன்னார். "தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. இன்னும் ஒரு கூடாரத்துக்குப் போனால் வேலை இல்லை."

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, உங்களுக்கு வேலை வேணுமோ, வருத்தம் பார்க்கிறது வேணுமோ?" என்று சத்தம் போட்டேன்.

"ரெண்டும் ஒண்டுதானே தம்பி," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று மடு மாதாவின் பெயரில் சத்தியம் பண்ணினார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். வேலை முடிந்ததும் கூடாரங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து, மணல் மேட்டில் உடைந்த போத்தல் துண்டு பொறுக்கப் போனார். காயமே படாவிட்டால் பார்க்கப் போகத் தேவையில்லை என்பது அவர் கணக்கு.

கிழமை முடியும் தறுவாயில், பற்றைக்குள் போத்தல் துண்டு எடுக்கப் போன கையில் பாம்பு கடித்தது. டென்மார்க்கில் விஷப்பாம்பு ஒரே ஒரு ரகம். அதுவும் ஆளைக் கண்டால் ஓடி ஒளிக்கிறது. வில்பத்தில் கண்ணாடி விரியனுக்குத் தப்பிய மனிதரை அது காத்திருந்து பிடித்தது.

கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். பிரெடெரிசியாவில் இருந்துகூட ஒரு கார் நிறைய வந்தது. என்ன கூட்டம் என்று நேர்ஸ் கேட்டாள். வருத்தம் பார்க்க வந்தோம் என்றேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், டொக்டரைக் கூப்பிடப் போனாள்.

"வேலை போச்சு தம்பி," என்றார் அண்ணை, எல்லாரும் போன பிறகு. "பாம்பு கடிச்ச சமரிட்டை ஆர் வைச்சிருப்பான்?" கண் கலங்கியிருந்தது. நான் திட்டித் திட்டியே காலம் போக்கிய மனிதரில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது பிறேபன் வந்தார். ஒரு கையில் தொப்பி. மற்றக் கையில் ஒரு குலை பச்சை முந்திரிகைப்பழம்.

அண்ணையின் முகம் வெளிறிப்போனது. "நித்தி, கேள். டொக்டர் எங்களுக்குச் சொல்லாததை இவருக்குச் சொன்னவரோ?"

பிறேபன் பழத்தை வைத்தார். கதிரையில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, வீங்கிய கையைப் பார்த்தார். பெருமூச்சு மட்டும் சரியாக வரவில்லை, இருமலாக வந்தது. சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார்.

டொக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள்," என்றார்.

"அப்ப ஏன் வந்தவர்?" என்றார் அண்ணை.

பிறேபன் வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார். "போன மாரிக் குளிரில் என் மனைவி இதே மாடியில் நோயாகக் கிடந்தாள்," என்றார். "நிறையப் பூ வந்தது. ஆட்கள் வரவில்லை. தொந்தரவு செய்யக்கூடாது என்று. கதவடியில் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். சாப்பாட்டு வண்டியாக இருக்கும்." பழக் குலையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "பெப்ரவரியில் இறந்துபோனாள்."

பிறகு உத்தியோகக் குரலுக்கு வந்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல். ஓகஸ்ட் முடியும்வரை. கூடாரங்களுக்குப் போகலாம். பழமும் கொண்டுபோகலாம். கடவுளை மட்டும் குடிலில் விட்டுவிட்டுப் போகச் சொல்."

எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையைத் திருப்பியும் சொன்னேன். அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை.

"மனிசிக்கு என்ன பேராம்?"

"இங்கர்," என்றார் பிறேபன்.

அண்ணை வீங்காத கையால் சிலுவை போட்டார். பிறேபன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். அண்ணை எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் தம்பாட்டில் நாடியில் போய் நின்றன.

"எங்கை போறார்? இருக்கச் சொல்லு தம்பி. இப்பதானே வந்தவர்."

சொன்னேன். பிறேபன் இருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நேர்ஸ் வந்து இரண்டு தரம் சொல்லும்வரை, ஒன்றும் பேசாமல் அங்கேயே இருந்தார்.