எண்ணெய் இல்லாத நாற்பது நாள்

உமேஷின் மூக்கை என் தம்பி பாலகுமார் உடைத்தது ஒரு மிளகாய் பஜ்ஜிக்காக.

சந்தாபுராவைத் தாண்டி ஒரு கிரானைட் கிடங்கு. நான் அங்கே சமையல்காரி. கல் தூக்கும் பதினொரு ஆண்கள் உள்ளேயே தகரக் கொட்டகையில் தங்கி, மூன்று வேளையும் என் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். தம்பியும் அதில் ஒருவன். அன்று மதியம் உமேஷ் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வெளியே வாங்கி வந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான். தம்பி ஒரு துண்டு கேட்டான். உமேஷ் கடைசித் துண்டையும் வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான். தம்பி அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை லாரியின் பின்கதவில் மூன்று முறை மோதினான். விலக்கிவிட ஓடியவர்களில் இரண்டு பேர், கீழே கிடந்த எண்ணெய்க் காகிதத்துக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

இவர்கள் ஒன்றும் ரவுடிகள் இல்லை. ஒரு மாதம் முன்பு வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான்.

எல்லாம் எங்கள் ஓனர் கோதண்டராமனின் நெஞ்சுவலியில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்து, என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வந்த மனிதர் அந்தத் தாளை என் சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

"சொர்ணம், எனக்கு வந்தது என் பசங்களுக்கு வரக்கூடாதும்மா. இனிமே எண்ணெய் கிடையாது, தேங்கா கிடையாது, கடலைச் சட்னி கிடையாது. கறின்னா தோல் எடுத்த கோழி, அதுவும் வேகவெச்சது."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரம். மிச்சம் பிடிக்கச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் தினமும் மதியம் ஆட்களோடு வரிசையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அவர் ஏசி அறைக்குப் போய்விடுவார். இவர்கள் வெயிலில் கல் தூக்கப் போவார்கள். சோறு எவ்வளவு போட்டாலும் மூன்று மணிக்கெல்லாம் கண் பஞ்சடைந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி போகவில்லை என்றான் ஒருவன். பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் கேட்டு வந்தான் இன்னொருவன்.

தம்பி ஒரு நாள் தனியாக வந்தான். "அக்கா, என் சோத்துல மட்டும் ஒரு கரண்டி எண்ணெய் ஊத்துக்கா. கை நடுங்குது."

"ஓனரே பத்தியம் இருக்காரு, உனக்கு இன்னாடா கேடு" என்று அனுப்பிவிட்டேன். என்னை நம்பி அடுப்பைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் தீயை வைக்க.

பஜ்ஜிச் சண்டை ஓனர் காதுக்குப் போனது. சண்டைக்குக் காரணம் பஜ்ஜிதான் என்று அவர் முடிவு செய்தார். மதியம் யாரும் வெளியே போகாதபடி கேட்டைப் பூட்டச் சொன்னார்.

நாற்பதாவது நாள் கரண்ட் போய் கிரேன் நின்றுவிட்டது. லாரியில் கடைசியாக ஒரு பெரிய கல் மிச்சம், முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கரண்ட் இல்லாவிட்டால் கையால் இறக்குவது அங்கே வழக்கம். கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் பிடிப்பார்கள். முன்னால் பிடிப்பவன் பின்னோக்கி நடந்தபடி குரல் கொடுப்பான். அவனுக்குப் போகும் வழி தெரியாது, வால்பக்கம் பிடிப்பவன் முகம்தான் தெரியும். அன்று முன்னால் என் தம்பி, வால்பக்கம் மூக்கில் கட்டுப் போட்ட உமேஷ்.

பத்தடி நடந்திருப்பார்கள். உமேஷின் முட்டி மடங்குவதை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். "குரு, புடி, புடி" என்று உமேஷைப் பார்த்துக் கத்தினான் தம்பி. உமேஷ் பிடித்துக்கொண்டுதான் இருந்தான், பிடியில்தான் தெம்பு இல்லை. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான்கு பேர் குதித்துத் தப்பினார்கள், உமேஷ் வால்பக்கமாக விழுந்தான். பின்னோக்கி நடந்தவனுக்குக் குதிக்க இடமில்லை.

கல் உடையவில்லை. தம்பியின் கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் அலறவில்லை, மண்ணைக் கடித்தான். முழங்காலுக்குக் கீழே முழுவதும் கல்லுக்கு அடியில். ஐந்து பேரும் விரலைக் கொடுத்துத் தூக்கினார்கள், கல் அசையவில்லை. மற்றவர்கள் அடுத்த கொட்டகையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் மண் சிவப்பாகிவிட்டது. சத்தம் கேட்டு ஓனர் வெளியே வந்தார். நான் அவர் சட்டையைக் கழுத்தோடு பிடித்து இழுத்தேன். இரண்டு பித்தான் தெறித்தது.

"நீயும் அதே சோறுதானே துன்ன. வா, தூக்கு."

"எனக்கு நெஞ்சு, சொர்ணம்."

"செத்தா சாவு. தூக்கு."

அப்படித்தான் சொன்னேன். அவர் குனிந்தார். ஒன்று, இரண்டு என்று உமேஷ் எண்ணினான். முதல் தடவை கல் நகரவில்லை. இரண்டாவது தடவை நாலு விரற்கடை எழும்பியது. நான் தம்பியை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தேன். கால் அவனோடு முழுசாக வரவில்லை. கல் திரும்ப விழுந்தபோது ஓனரின் கைவிரல் இரண்டு அதற்கடியில் போனது. அவர் கையை உருவிக்கொண்டு, "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்றார். தம்பியின் ரத்தம் வழிந்த என் கையாலேயே அவர் கன்னத்தில் அறைந்தேன். திரும்பவும் அறைந்தேன். யாரும் தடுக்கவில்லை, அவரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் சாப்பாடு பார்க்கும் மேடம் வந்தார், தர்ஷினி என்று பெயர். இதுவரை அவனுக்கு என்ன கொடுத்து வந்தீர்கள் என்று கேட்டார். ஓனர் ஒட்டிய தாளில் இருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அது உக்காந்து வேல பாக்குற ஒரு நோயாளிக்கு எழுதினது. கல் தூக்குறவங்களுக்கு அதுல ரெண்டு பங்காவது வேணும். அத்தனையும் சோத்துலயே எறக்க வயித்துல எடம் ஏது? அதே எடைக்கு எண்ணெய் அரிசிய விட ரெண்டு மடங்குக்கு மேல தெம்பு குடுக்கும். அத நிறுத்திட்டா ஒடம்பு தன் சதையையே எடுத்துத் திங்கும்மா."

நாற்பது நாள் அவர்கள் சதையை அவர்களுக்கே சமைத்துப் போட்டிருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டும் நான் உயிரோடு உட்கார்ந்திருந்தேன்.

புண் ஆற நிறைய சத்து வேண்டும், முட்டை, கடலை, நெய், எண்ணெய் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே சமைத்தேன். முட்டைத் தொக்கு மேலே எண்ணெய் மினுங்கியது. சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து கட்டிலருகே உட்கார்ந்தேன்.

தம்பி போர்வையைப் பார்த்தான். ஒரு பக்கம் பாதிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பிறகு தட்டைப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போக்கா. உக்காந்தே இருக்கறவனுக்கு எதுக்கு இவ்ளோ?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கெஞ்சினேன். உதட்டை இறுக்கிக்கொண்டான். மேடம் சொன்னதைச் சொன்னேன், அவன் காதில் ஏறவில்லை. தட்டை மடியில் வைத்துவிட்டு இடது கையால் அவன் தாடையை அழுத்திப் பிடித்துத் திறந்தேன். உருண்டையை உள்ளே தள்ளியபோது என் விரல்களைக் கடித்தான், பலம் இருந்த மட்டும் கடித்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

நான் கையை எடுக்கவில்லை. அவன் விழுங்கிய பிறகுதான் எடுத்தேன். விரலில் ரத்தம் வந்திருந்தது, புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிசைந்தேன்.