மெல்லிசான கல்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாமல்லபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஏசுதாஸ் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். என் தங்கை ரெஜினாவைக் கேட்டால் அதற்கு மேலும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். எட்டுக் கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்குகிறவனுக்கும் பயம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றப்போகிறது?

தொண்ணூற்றெட்டில் நடந்தது. ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் செல்வராஜ் குங்ஃபூ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். எங்கள் வயதுக்காரன்தான். சென்னையில் ஆறு வருஷம் கற்றுக்கொண்டு வந்து, பகலில் ஸ்கூட்டர் பழுது பார்ப்பான், காலையில் எங்களைப் பழுதாக்குவான். நானும் ரெஜினாவின் புருஷன் பூபாலனும் ஒரே நாளில் சேர்ந்தோம். விடிந்ததும் ஈர மணலில் ஓட்டம். பிறகு குதிரை மேல் உட்கார்ந்தவன் மாதிரி காலை அகட்டி, தொடை உதற உதற அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு வாளியில் பச்சைப் பயறு போட்டு அதில் கைமுட்டியால் குத்த வேண்டும். ஆறு மாதத்தில் பயறு போய் மணல் வந்தது. மணல் போய் நான் வேலை செய்யும் பட்டறையிலிருந்து பொடிக்கல் வந்தது. அதோடு எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. கல் உடைத்துச் சாப்பிடுகிறவன் கையைக் கெடுத்துக்கொண்டால் ஆகாது என்று நான் குத்துவதை நிறுத்திவிட்டேன்.

பூபாலன் நிறுத்தவில்லை. அவனுக்கு வயிற்றுப் பயிற்சி பிடித்துப்போனது. முதலில் உள்ளங்கையால் அடி, பிறகு மூங்கில் சிம்புக் கட்டால் அடி, பிறகு மல்லாந்து படுத்த வயிற்றின் மேல் இடுப்பு உயரத்திலிருந்து மெடிசின் பால் என்கிற கனத்த தோல் பந்தைப் போடுவது. விழும் கணத்தில் 'ஹா' என்று பாதி மூச்சை விட்டு மீதியை அடக்க வேண்டும். ஒரு வருஷத்தில் அவன் வயிற்றில் நாங்கள் ஏறி நின்றால்கூடச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அந்தக் காலத்தில் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா எதுவானாலும் இந்த மாதிரி வகுப்புக்காரர்களைக் கூப்பிடுவார்கள். முதுகில் டியூப் லைட் உடைப்பது, தலையால் ஓடு உடைப்பது, கை விரல் மேல் மோட்டார் பைக் ஏற்றுவது எல்லாம் உண்டு. கடைசி ஐட்டம் கல். ஒருவன் மல்லாந்து படுப்பான். வயிற்றின் மேல் சாக்கை விரித்துப் பலகைக்கல்லை வைப்பார்கள். இன்னொருவன் சம்மட்டியால் ஒரே போடாகப் போட்டுக் கல்லை இரண்டாக்குவான். எங்கள் வகுப்பில் படுக்கிறவன் பூபாலன். அடிக்கிறவன் நான். பட்டறையில் சம்மட்டி பிடித்தவன் என்பதால் வேறு யாரையும் யோசிக்கவே இல்லை.

காப்பாற்றுவது மூச்சுதான் என்று செல்வராஜ் சொல்வான். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. முதல் தடவை அடிப்பதற்கு முன் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் ஆயுத பூஜைக்கு வாங்கியதில் இரண்டு பூசணிக்காய் மிச்சம் கிடந்தன. மணலில் குழி செய்து ஒன்றை வைத்து அதன் மேல் இரண்டு விரல் கனத்துக் கல்லை ஏற்றி அடித்தேன். கல் உடைந்தது. பூசணி சிதறி விதையெல்லாம் என் லுங்கியில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றின் மேல் நாலு விரல் கனத்துக் கல்லை ஏற்றி அதே அடி அடித்தேன். கல் உடைந்தது. பூசணியின் தோல் மட்டும் கொஞ்சம் சிராய்த்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கனமான கல் அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மெல்லிசான கல் அப்படியே கீழே இறக்கிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கோ நேர்மாறாகத்தான் தோன்றும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூச்சின் மேல் பூபாலனுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போனால் வயிறு இளகும் என்று பயம். அதனால் ஒவ்வொரு தடவையும் கல்லை நானே தேர்ந்தெடுத்தேன். தட்டிப் பார்த்து, உள்ளே கீறல் இல்லை என்று தெரிந்த பிறகு, மூலையில் காவியால் ஒரு சிலுவை போட்டு வைப்பேன். ஐந்து தடவை உடைத்துவிட்டோம். ஐந்து தடவையும் முந்தின ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆறாவது தடவைதான் வினை. திருப்போரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அதன் தாளாளர் அமிர்தவல்லி அம்மாள், பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தர நிரந்தரமாக ஒரு மாஸ்டர் வேண்டும் என்றார். செல்வராஜுக்குக் கடை இருந்தது, அவன் பூபாலனைக் கைகாட்டினான். விளையாட்டு விழாவில் ஆளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் அம்மாள். பூபாலன் அதுவரை கல்பாக்கம் குடியிருப்பில் காண்டிராக்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்து, காண்டிராக்ட் முடிந்து நாலு மாதமாகச் சும்மா இருந்தான். இரண்டு வயதில் சாராள் என்று ஒரு பெண் குழந்தை. அந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு கதியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை ரெஜினா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். காவிச் சிலுவை போட்டு நான் சாய்த்து வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணா, இம்மாம் கனமாவா வைப்பாங்க? கொஞ்சம் மெல்லிசா ஒன்னு எடுண்ணா. உடஞ்சா சரி, யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

அன்றைக்கு எனக்கு ஏற்கெனவே தலைவலி. தவிர, புருஷனை நினைத்து நடுங்குகிற பெண்ணிடம் பூசணிக்காய் சிதறிய கதையை எப்படிச் சொல்வது? என் வாயில் வந்தது வேறு.

"உனக்கு இன்னா தெரியும் கல்லப் பத்தி? போய் வூட்டு வேலையப் பாரு."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்மட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். கல்லை மதியமே பட்டறை மேஸ்திரி ராஜாராம் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மைதானத்தில் நல்ல கூட்டம். குழாயடியில் முகம் கழுவினேன். கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலின் மேல் பெரிய பலகைக்கல் ஒன்றைப் போட்டிருந்தார்கள், அதன் மேல்தான் நின்றேன். பட்டறைக்காரன் புத்தி, காலில் மிதித்ததையும் கவனித்துவிட்டுத்தான் வந்தேன்.

டியூப் லைட், ஓடு, பைக் எல்லாம் முடிந்தது. பூபாலன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தான். கண்ணை மூடி மூச்சைச் சீராக்க ஆரம்பித்தான். மஞ்சள் துணி போர்த்திய கல்லை எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே எனக்குக் குளிர் எடுத்துவிட்டது. நான் பார்த்து வைத்த கல்லைத் தூக்கிக்கொண்டு யாராலும் சிரிக்க முடியாது.

துணியை எடுத்தேன். இரண்டு விரல் கனம். சிலுவை இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் வரிசையில் முன்னால் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், லேசாகச் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அவள் முகத்தில் அப்போதுதான் நிம்மதி தெரிந்தது. யார் மாற்றியது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் லுங்கியில் ஒட்டிய பூசணி விதைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. முடியாது என்று சம்மட்டியைக் கீழே போட்டால் பூபாலனின் வேலை அங்கேயே போகும். மெதுவாக அடித்தால் கல் உடையாது, இரண்டு மூன்று என்று அடிக்க வேண்டி வரும், அத்தனையும் வயிற்றில் இறங்கும். மைக்கில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளாளர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் குழாயடிக்கு ஓடினேன். சம்மட்டிக் காம்பால் வாய்க்கால் கல்லைத் தட்டினேன். கணீர் என்றது. உள்ளே கீறல் இல்லை. ஆனால் ஐந்து விரல் கனம், நாங்கள் வழக்கமாக வைப்பதைவிட நீளமும் கூட. நாலு பேரைக் கூப்பிட்டேன். செல்வராஜ் பின்னாலேயே வந்து பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"இன்னாடா பண்ணிகினு கீற?"

அந்த மெல்லிசு கல்லை உடைத்தால் யாருக்கும் அது வேடிக்கையில்லை, இதை உடைத்தால்தான் பூபாலனுக்கு வேலை கிடைக்கும் என்றேன். அவன் கூட்டத்தைப் பார்த்தான், அம்மாளைப் பார்த்தான், ஒதுங்கிக்கொண்டான்.

பெரிய கல்லைக் கண்டதும் கூட்டம் விசில் அடித்தது. நான் பூபாலன் காதருகே குனிந்தேன்.

"மச்சான், கல்லு மாறிப்போச்சு. வேற வைக்கிறேன். நம்ம கல்ல வுட கனம் ஜாஸ்தி."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "எத்தினி எண்ணுறதுக்குள்ள முடிப்ப?"

"பத்து."

"வை."

கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மனுஷனின் விலா எலும்பு எவ்வளவு தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வழக்கமான கல்லை அவன் இருபது எண்ணும் வரை தாங்கியிருக்கிறான். இது அந்தக் கல் இல்லை. நாலு பேரும் கல்லை இறக்கிக் கையை எடுத்தார்கள். பூபாலனின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது.

அப்போதுதான் ரெஜினா எழுந்து ஓடி வந்தாள். இரண்டு டீச்சர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை வீறிட்டது. அவள் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

"வேணாண்ணா. அவரக் கொன்னுடாதண்ணா."

அப்போதைக்கு அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கை ஈரமாக இருந்தது, மண்ணில் தேய்த்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே சம்மட்டியைத் தூக்கினேன். கர்த்தரே என்று சொன்னேனா, இல்லையா என்று ஞாபகமில்லை. நாலில் அடித்தேன்.

உடையவில்லை.

பூபாலனின் முகம் கருத்திருந்தது, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆனால் அடி விழுந்தபோது சத்தம் மாறியதை என் காது கேட்டிருந்தது. கணீர் போய்க் கரகரப்பு வந்திருந்தது. கல்லுக்குள்ளே கீறல் விட்டுவிட்டது. இனி அதே இடத்தில், அதைவிட லேசாக, ஒரு தட்டு போதும். அரை விரல் தள்ளிப் போட்டால் போதாது. ஆறு, ஏழு. முதல் அடி விழுந்த வெள்ளைத் தழும்பை மட்டும் பார்த்தேன். எட்டில் போட்டேன்.

கல் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சரிந்தது. பூபாலன் அசையவில்லை. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று. அப்புறம் அவன் வாய் திறந்து 'ஹா' என்றது. அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் எழுந்து கைதட்டியபோது நான் வாய்க்கால் ஓரம் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையே வந்து சேரும்படி அம்மாள் பூபாலனிடம் சொன்னாராம். எனக்கு அதைச் சொல்ல ஆள் வருவதற்குள் ரெஜினா வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"மெல்லிசு கல்ல அனுப்புனது நாந்தான். நீ சொன்னேன்னு மேஸ்திரிகிட்ட பொய் சொன்னேன். அது அங்கியே கீது, அத வச்சி ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சிருக்கும். நீ தேடிப் போயி அம்மாம் பெரிய கல்ல எடுத்துகினு வந்த. அவரு மேல உனக்கு இன்னா அவ்ளோ கோவம்?"

நான் வாயைத் திறந்தேன். வியாழக்கிழமை சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும் தொண்டை வரை வந்தது. பூசணிக்காய், விதை, எல்லாம். அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். குழந்தையின் சட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்த விரல்களை அவள் இன்னும் தளர்த்தவில்லை. இதைச் சொன்னால், தன் கையாலேயே புருஷனுக்கு என்ன அனுப்பி வைத்தோம் என்று இவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இவள் எப்படிச் சாப்பிடுவாள், எப்படி அவன் முகத்தைப் பார்ப்பாள்?

"மெல்லிசு கல்லு வச்சா ஜனம் சிரிக்கும்" என்றேன்.

அவள் தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

எட்டு வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கு சாராள் கையில் பலகாரம் வரும், ரெஜினா வரமாட்டாள். பூபாலன் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறான், கல் ஐட்டத்தை மட்டும் விட்டுவிட்டான். அவனிடம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றான். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அவனும்தான் சொன்னான்.

உடையாத அந்த மெல்லிசான கல்லை ரெஜினா அன்றைக்கே டெம்போவில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டால் அதைத் தட்டிக் காட்டுவாளாம். இதை வைத்திருந்தால் என் வீட்டுக்காரருக்கு நோவே இருந்திருக்காது, என் அண்ணன் பாவிதான் கேட்கவில்லை என்பாளாம். சாராள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.