முகமூடிக்காரனைப் பார்த்துவரப் பாப்பாயி ஊட்டு முறை

1

அண்ட சராசரங்களுக்கும், குறிப்பாகச் சேலம் ஜில்லாவுக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால்: உலக மகாயுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு வருஷத்தில், யுத்தத்தின் போக்கை நூலளவும் மாற்றாத ஒரு மாபெரும் நிகழ்ச்சி கொல்லிமலையில் நடந்தேறியது. சரித்திர ஆசிரியர்கள் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அந்தத் தேசியக் குறையைப் போக்கவே இக்கதை எழுதப்படுகிறது.

உண்மை இதைவிடச் சின்னது. கொல்லிமலை மேலே செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மிளகு மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "எங்கப்பன் காலத்துல எங்கூர்ல சினிமா பாக்கறதுக்கு முறை இருந்துதுங்க." அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. கேட்டது அந்த ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

[அவருக்கு நன்றி. பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுவந்த டிரைவருக்கு இன்னும் அதிக நன்றி. அவர் தாமதித்திருந்தால் முழு உண்மையும் தெரிந்து கதை கெட்டுப்போயிருக்கும்.]

2

முதல் ஆரம்பம்: "கொல்லிமலைச் சிகரங்களை மேகக் கன்னியர் முத்தமிட்ட அந்த இளங்காலைப் பொழுதில்—"

வேண்டாம். அந்த மலையில் மேகம் யாரையும் முத்தமிடுவதில்லை. காயப்போட்ட மிளகை நனைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஆரம்பம்: "பாப்பாயி என்னும் அபலை—"

புருஷனைப் பறிகொடுத்தவள் என்றால் அபலை என்று பேனா தானாக எழுதிவிடுகிறது. இவளோ பலா மரத்தில் ஏறிப் பழத்தைக் கயிறு கட்டி இறக்குகிறவள். அடித்துவிட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். அந்த மலையூரில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. ஓடைத் தண்ணீருக்கு முறை. கேழ்வரகு விளையும்போது பரணில் படுத்துப் பன்றி விரட்ட வீட்டுக்கொரு, அவர்கள் வாயில் ஊட்டுக்கொரு, முறை. கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் படக்கூடாரம் ஒன்று வந்து, சந்தை நாள் மத்தியானத்தில் வாரம் ஒரு துண்டாக முகமூடிக்காரன் படம் போட ஆரம்பித்தபோது அதற்கும் முறை வைத்தார்கள். ஊரே இறங்கிப் போனால் காட்டை யார் பார்ப்பது? வாரம் ஓர் ஊட்டிலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். பார்த்ததைப் பொழுது சாயுமுன் மலையேறி வந்து ஊருக்குச் சொல்ல வேண்டும்.

படம் இதுதான்: வெள்ளைக் குதிரை. அதன்மேல் கறுப்பு முகமூடி போட்ட ஒருவன். கொள்ளைக்காரர்களைச் சுடுவான், ஏழைகளைக் காப்பாற்றுவான். ஐந்து சிநேகிதர்களில் ஒருவன்தான் அந்த முகமூடிக்காரன். எவன் என்பது கடைசித் துண்டில் தெரியும்.

ஆள் மாறினால் படமும் மாறியது. ஆட்டுக்காரர் போய்வந்த வாரத்தில் படம் முழுக்கக் குதிரையே வந்தது. மனிதர்கள் அதற்குத் தண்ணீர் காட்ட வந்து போனார்கள். மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கிய ஒரு மாமியார் சொன்ன வாரத்தில் கொள்ளைக்காரனுக்கு மருமகள் ஜாடை.

3

இங்கே ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும்.

செல்லமுத்து போய்வந்த வாரத்தில் குதிரையும் முகமூடிக்காரனும் பாறை விளிம்பிலிருந்து பாதாளத்தில் விழுந்தார்கள். "ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஊர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் போன அர்த்தனாரி வந்து, "எங்கீங்க உழுந்தாரு? அதுக்கு முந்தியே குதிரையத் திருப்பிட்டாரு. அங்க உழவே இல்லை" என்றான்.

பாதாளம் ஒன்று, சாட்சி இரண்டு. ஒருவன் பொய்யன். ஊர் கூடி விசாரித்துச் செல்லமுத்துவுக்கு ஒரு சேவல் அபராதம் போட்டது. ஒரு வாரம் விழக் காட்டிவிட்டு மறுவாரம் அதே இடத்தை விழாமல் மாற்றிக் காட்டிய, கடல் தாண்டி எவனோ செய்த பித்தலாட்டத்துக்குக் கொல்லிமலையில் ஒரு சேவல் குழம்பானது.

[தொடர்ப்படம் எடுத்த புண்ணியவான்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. விழுந்தவனை மறுவாரம் எழுப்பிவிட்டீர்களே, அதற்கே கோடி நன்றி. எங்கள் பக்கம் விழுந்தவன் பெரும்பாலும் விழுந்தவன்தான்.]

4

கடைசித் துண்டு பாப்பாயி ஊட்டு முறையில் வந்து விழுந்தது.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அவர் தலைப்பாகையைத் தொட்டால் யாருக்கோ நஷ்டம்.

"ஆம்பளை இல்லாத ஊட்டுக்கு முறையேது? இது ஊரு மானம். நானே போய்ட்டு வாரேன்."

"ஏனுங்க கவுண்டரே, பன்னிக் காவலுக்கு மட்டும் எங்கூட்டுல ஆம்பளை இருந்தானுங்களா? பரண்ல படுத்தது நானுங்க. நான் பொம்பளைன்னு பன்னிக்குத் தெரியலீங்க, ஓடிப்போச்சு."

கூட்டம் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை.

"பன்னி வேற, சினிமா வேற புள்ள."

"முறை ஒண்ணுதானுங்களே."

அவள் அடம் பிடித்தது சினிமாவுக்காக மட்டும் இல்லை. இன்று படத்துக்கு அவள் ஊடு கணக்கில் இல்லை என்றால், நாளை தண்ணீருக்கு இல்லை என்பார்கள். மறுநாள் கோயில் கறியில் பங்கு இல்லை என்பார்கள். அப்புறம் அது ஊடே இல்லை, வெறும் கூரை.

கடைசியில் கவுண்டர் நிபந்தனை போட்டார். "போ. ஆனா வந்து ஆளு யாருன்னு சரியாச் சொல்லோணும். பொய் சொன்னீன்னா உன் ஊட்டு முறை எல்லாத்துலயும் தள்ளுபடி."

"சரீங்க" என்றாள் பாப்பாயி.

5

கூடாரத்தில் பகலை மறைக்கச் சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அவித்தது. கூரை ஓட்டைகளில் இறங்கிய வெயில், திரையில் ஓடும் குதிரைமேல் காசு காசாக விழுந்தது. பெண்கள் பக்கத்து மணலில், மரவள்ளிக் கிழங்கு விற்று முடித்த செல்லாத்தாளை ஒட்டிப் பாப்பாயி உட்கார்ந்தாள்.

ஆண்கள் பக்கம் ஒருவர் துண்டால் மூக்குவரை மூடிக் கட்டிக்கொண்டு நுழைந்தார். மற்றவர்கள் தமக்கு வழி விட வேண்டும் என்று நின்றார். யாரும் விடவில்லை. தொண்டையைச் செருமினார். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத அந்த ஆளைப் பாப்பாயி அந்த நொடியே கண்டுகொண்டாள். முறை இல்லாமல் ஒளிந்து வந்த அப்பாசாமிக் கவுண்டர்.

[இது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கும் தெரியும். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு வரவில்லை.]

திரையோரம் நின்று படத்தை விளக்கும் வெங்கிடுசாமி கம்பை உயர்த்தினார். "மகாஜனங்களே! இத்தனை வாரம் நாம் ஏங்கிய தருணம்! இதோ கை போகிறது! இதோ கழற்றுகிறார்! யாரென்று தெரிகிறதா? தெரிந்துவிட்டது!"

கூடாரம் அதிர்ந்தது. பாப்பாயி பார்த்தாள். வெள்ளை முகம். மழித்த தாடை. பெரிய தொப்பி. ஐந்து பேரும் அப்படித்தான் இருந்தார்கள். கொள்ளைக்காரர்களில் பாதிப்பேரும் அப்படித்தான். முகமூடி இருந்தவரை ஆயிரம் பேரில் அவனைக் காட்டியிருப்பாள். கழற்றியதும் ஆள் காணாமல் போய்விட்டான்.

"ஏனுங்கக்கா, இது யாருங்க?"

"யாரோ ஒரு தொரைங்க" என்றாள் செல்லாத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஊருக்குத் திரும்பி மலையேறும்போது பயம் இருந்தது. ஆனால் முகமூடிக்காரன்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வாரமாகச் சாயங்காலத்தில் அவள் வாசலிலும் நாலு பேர் நின்று, அவன் பிழைப்பானா மாட்டானா என்று வாதாடினார்கள். ஒற்றை ஆள் ஊட்டுக்கு அது பெரிய வரவு. வழியில் மூச்சு வாங்க நின்றபோது வாய்விட்டே சொன்னாள்: "யாரா இருந்தா என்ன. நல்லா இருக்கட்டும் மவராசன்."

6

ஊர் கூடியிருக்கிறது. எப்படி முடிப்பது?

அ) ஐந்தில் ஒருவனைத் துணிந்து சொல்கிறாள். எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அவள் ஊடு ஒரு பொய்யின்மேல் நிற்கும். அடுத்த தரம் கவுண்டர் தலைப்பாகையைத் தொடும்போது ஆடும்.

ஆ) "கூடாரத்துல இன்னொரு முகமூடிக்காரரையும் பாத்தேனுங்க" என்று கவுண்டரை இழுத்துவிடுகிறாள். எழுதும்போதே எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஆனால் முறை அவளுக்கு உரியது. மிரட்டி வாங்கினால் கவுண்டர் போட்ட பிச்சையாகிவிடும்.

இ) பாப்பாயி என்னைக் கேட்கவில்லை. பேசியேவிட்டாள்.

"பாத்தேனுங்க. கழட்டுனாரு. மொகம் தெரிஞ்சுது. அஞ்சு பேர்ல எவருன்னு எனக்குத் தெரியலீங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க. இதான் நெசம்."

"இத்தன தூரம் போய்ட்டு, தெரியலையாமா!" என்றான் செல்லமுத்து. சேவல் போன வயிற்றெரிச்சல்.

கவுண்டர் எழுந்தார். "பொ—"

அங்கேயே நின்றுவிட்டார். அது பொய் என்றால், நிஜம் அவருக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். பாப்பாயி அவரைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தாள். நிஜத்தில் அவருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஊர் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் உங்கள் பக்கம் திரும்புகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவளின் ஊட்டுக்கு முறை உண்டா, இல்லையா? தீர்ப்பு சொல்லுங்கள். எதுவானாலும் எழுதிக்கொள்கிறேன். இதுவரை கூட இருந்ததற்கு நன்றி.

இன்னோர் ஆளை அனுப்பிப் பார்த்துவரவும் வழியில்லை; கூடாரத்தை அன்று சாயங்காலமே பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.